அண்ணி சொன்ன சாட்சி

அன்புள்ள அண்ணி,

உங்கள் மகன் நேற்று வந்து உங்கள் சீலைகளில் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். பட்டு இல்லை, நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட வாயில் சீலை. மடிப்பைப் பிரித்ததும் பாண்டான் இலை வாசனை வந்தது. துணிகளுக்கு நடுவே அந்த இலையை முடிந்து வைக்கும் பழக்கத்தை நீங்கள் கடைசிவரை விடவில்லை. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

காஜா பேராங் பகுதியில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ரம்புத்தான் மரம் மட்டும்தான். உங்கள் வீட்டுக்காரரும் என் அண்ணனும் ஒரே பஸ் பட்டறையில் மெக்கானிக்குகள். என் அண்ணன் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டதால் நீங்கள் எங்கள் இருவருக்கும் அண்ணி ஆனீர்கள். வேறு உறவு கிடையாது. நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் மரத்தடியில் நின்று, “உங்க வீட்டு அம்மிய கொஞ்சம் தர்றியா? எங்க வீட்டு அம்மி ஆடுது” என்று கேட்டீர்கள். நம் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகும் வருடம் அது. எங்கே பார்த்தாலும் கொடி, தோரணம், அதைப் பற்றிய பேச்சு. எங்கள் வீட்டில் மட்டும் அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். உங்கள் வீட்டு ரேடியோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, “என் பேர சொல்றாங்க அண்ணி” என்றார். அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். உங்கள் வீட்டுக்காரர்தான் அவரைச் சைக்கிளில் உட்காரவைத்து, செமாபோக்கில் இருந்த மலாய் வைத்தியரிடம் கூட்டிப் போனார். “பயப்படாதடா, நான் கூடவே இருக்கேன்” என்று அவர் சொல்வது எங்கள் வீட்டுக்குள் கேட்கும். மனநோய் என்ற சொல்லே அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

பிறகு அந்தக் காலை. பட்டறையில் எல்லாரும் பசியாற உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணன் எழுந்து போய் ஓர் இரும்புத் தடியோடு திரும்பி வந்து, பின்னாலிருந்து உங்கள் வீட்டுக்காரரை அடித்துவிட்டார். வாய்ச்சண்டைகூட இல்லை. அடித்துவிட்டு ஓடவும் இல்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உங்கள் வீட்டுக்காரர் உயிர் போய்விட்டது. உங்கள் மகன் அப்போது கைக்குழந்தை.

ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. தொழிற்சங்கத் தகராறு என்றார்கள். சூதாட்டம் என்றார்கள். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றார்கள். எதுவும் நிற்காமல் போனபோது, உங்களையும் என் அண்ணனையும் சேர்த்துப் பேசினார்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நானும் அம்மாவும் உங்கள் பக்கம் தலைகாட்டத் துணியவில்லை. துக்கம் கேட்க வரும் உரிமைகூட எங்களுக்கு இல்லை.

கொடி ஏறி, வாணவேடிக்கை எல்லாம் முடிந்தபின் வழக்கு நடந்தது. நீதிமன்றத்தில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சீலையில் எழுந்தீர்கள். உங்கள் சொந்தக்காரர்கள் குழந்தையை வாங்கக் கை நீட்டினார்கள். நீங்கள் அவர்களைத் தாண்டி நேரே என்னிடம் வந்து, “பிடி, உங்கிட்டதான் அழாம இருப்பான்” என்று சொல்லிக் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறினீர்கள். அந்த மண்டபமே என்னைப் பார்த்தது. நான் குழந்தையின் உச்சந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்க வக்கீல் ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். சண்டை உண்டா? பகை உண்டா? உங்களிடம் தவறாக நடந்துகொண்டாரா?

“தம்பி என்னை அண்ணின்னுதான் கூப்பிடும். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது” என்றீர்கள். பஞ்சையும் ரேடியோவையும் வைத்தியரையும் பற்றிச் சொன்னீர்கள்.

“அப்படியானால் ஏன் கொன்றார்?”

“தெரியாது ஐயா. உங்களவிட எனக்குத்தான் அது தெரியணும். ஆனா தெரியாததுக்கு நான் கதை கட்ட மாட்டேன்.”

டாக்டர் ஒருவரும் சாட்சி சொன்னார். சித்தசுவாதீனம் இல்லாமல் செய்தது என்று ஜூரிகள் முடிவு சொல்ல, அண்ணனை வடக்கே ஒரு மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தூக்கில் தொங்கவேண்டியவனைக் காப்பாற்றிவிட்டாய் என்று உங்கள் கூடப்பிறந்தவரே உங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நீங்கள் தையல் மெஷின் போட்டீர்கள். நான் பட்டன் தைக்க வந்து, பிறகு அங்கேயே நிலைத்துவிட்டேன். எல்லா நாளும் சுமுகமாகப் போகவில்லை. “உன் மூக்கு அப்படியே தம்பி மூக்கு. சில நாள் பார்த்தா எனக்கு ஆத்திரமா வருது. அன்னைக்கு நீ பேசாம வேலைய பாரு” என்று முகத்துக்கு நேராகவே சொல்வீர்கள். நானும் பேசாமல் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பேன். சாயங்காலம் நீங்களே தேநீர் கலக்கி, “போதும், மூஞ்ச தூக்கு” என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் நாளெல்லாம் காத்திருந்திருக்கிறேன்.

மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, “தம்பிய ஒருதடவை பார்த்துக் கேட்கணும்” என்றீர்கள். தம்பின் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினோம். வழி முழுக்க உங்கள் உதடு அசைந்துகொண்டே வந்தது. கேட்கப்போகும் கேள்வியைச் சொல்லிப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மருத்துவமனையில் மொட்டைத் தலையும் தொளதொளத்த சட்டையுமாக அண்ணன் வந்து உட்கார்ந்தார். உங்களைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு உங்களுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

“அண்ணன் வரலியா அண்ணி?”

நீங்கள் முந்தானையைக் கையில் சுருட்டினீர்கள், பிறகு விட்டீர்கள்.

“வேலை இருக்கு தம்பி. வர முடியல.”

“உடம்ப பார்த்துக்கச் சொல்லுங்க” என்றார் அவர்.

திரும்பும் ரயிலில் நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “தம்பி மனசுலயே பதில் இல்ல. அதைப் போட்டு எதுக்குக் குடையணும்” என்றீர்கள். சிரம்பான் தாண்டியபின் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனீர்கள். புருஷன் போனபின் நீங்கள் அப்படி அயர்ந்து தூங்கி நான் பார்த்ததில்லை.

பல வருடம் கழித்து அண்ணன் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அந்த வருடத் தீபாவளிப் படையலில் உங்கள் வீட்டுக்காரர் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலை போட்டீர்கள். வாலிபனாக வளர்ந்திருந்த உங்கள் மகன் முகம் கறுத்து, “அவருக்குமாம்மா?” என்றான்.

“உங்கப்பா தனியா சாப்பிட மாட்டாருடா” என்றீர்கள். அவன் வெளியே போய்விட்டான். அதன்பின் ஒவ்வொரு வருடமும் படையல் முடியும்வரை அவன் வெளியில்தான் நின்றான். நீங்கள் அவனை வற்புறுத்தவில்லை. இலையையும் எடுக்கவில்லை.

நீங்கள் போனபின் முதல் படையல் போன வாரம் அவன் வீட்டில் நடந்தது. என்னைக் காரில் வந்து கூட்டிப்போனான். கூடத்தில் அவனே இலைகளை விரித்துக்கொண்டிருந்தான். உங்களுக்கு, அப்பாவுக்கு. கொஞ்சம் நின்றுவிட்டு, இன்னொன்றையும் எடுத்துத் துடைத்துப் போட்டான். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

“அத்தை, சித்தப்பாவுக்கு என்ன பிடிக்கும்?”

போலீசும் வக்கீலும் டாக்டரும் ஊரும் அண்ணனைப் பற்றி என்னிடம் கேட்டதெல்லாம் ஏன் செய்தார் என்பதுதான். அவருக்கு ஒரு பிடித்தமும் இருந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டவன் உங்கள் மகன் ஒருவன்தான்.

“நெத்திலிச் சம்பல்” என்றேன். “காரம் தூக்கலா.”

“மிளகாய நானே அரைக்கிறேன்” என்று சொல்லி அவன் சமையல்கட்டுக்குப் போனான்.