நின்றதாகச் சொன்ன டர்பைன்

அன்புள்ள அம்மாவுக்கு, ஓமானிலிருந்து சுகந்தன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

செவ்வாய்க்கிழமை எங்கள் மின்நிலையத்தில் சிறு கோளாறு. டர்பைனுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் மின்னணுக் கார்டு பழுதாகிவிட்டது. நிறுத்தச் சொன்ன கட்டளை போய்ச் சேரவில்லை. திரையோ டர்பைன் நின்றுவிட்டதாகக் காட்டியது. என்னோடு வேலை செய்யும் வியாகுலம் அண்ணன் அதை நம்பி டர்பைனின் மூடியைத் திறக்கப் போனார். தரை அதிர்வதை என் கால்கள் உணர்ந்தன.

“அண்ணே, தொடாதீங்க! ஓடுது!” என்று அவரை இழுத்தேன்.

இருவருக்கும் காயமில்லை. ஆனால் அண்ணன் வெகுநேரம் என் கையை விடவில்லை.

ஞாயிறு பூசைக்குப் போனால் அவருக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். இதைப் படித்ததும் என்னைத் திட்டுவீர்கள். அதை எழுதி அனுப்பாமல், போனில் உங்கள் குரலிலேயே பேசிப் பதிவுசெய்து அனுப்புங்கள், அம்மா. கொஞ்சம் நீளமாகவே திட்டுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்,
சுகந்தன்