தீராத வேர்

மின் மாவட்டம்
1986 மார்ச் 2

அன்பு மகள் யூஹேவுக்கு,

பேத்தி பிறந்த சேதியை உன் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். இத்துடன் ஒரு பை தாங்குய் மருந்து வேர் அனுப்புகிறேன். குளிர்காலம் முழுக்க நம் பரண் புகையில் காய்ந்தது. ஆட்டுக்கறி, இஞ்சியோடு வேகவைத்துக் குடி. பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடு திரும்பும். நனையாமல் இருக்கக் கித்தான் துணியில் இரட்டையாகப் பை தைத்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு வேறென்ன வேலை?

அம்மா

லிஷூ கிராமம்
மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

பை வந்தது. அறை முழுக்க நம் வீட்டு வாசனை. குழந்தை நலம். அடியில் நெருப்பெரியும் மண்கட்டிலில் கிடக்கிறேன். சன்னலுக்குக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. தலைக்குக் குளிக்கக் கூடாது. என் காலணியை அத்தை பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். "தரை சில்லுனு கெடக்கு. இப்ப காலை வெச்சுட்டு, வயசான காலத்துல முட்டி வலிச்சா யாரைத் திட்டுவ? என்னையத்தான்" என்கிறார்.

பிள்ளை பெற்று ஒரு மாதம் முடிந்ததும் விடுதலை. ஏப்ரல் 20 அன்று நகரத்தில் தேர்வு. தேறினால் பள்ளியில் என் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் இருக்கும் வேலையும் போய்விடும்.

யூஹே

ஏப்ரல் 1

அன்பு மகளுக்கு,

இன்னொரு பை அனுப்பியிருக்கிறேன், சம்பந்திக்கும் சேர்த்து. அவசரப்படாதே. நம் தாங்குய் நாற்றை நினைத்துப் பார். பிடுங்கி, குளிர் முடியும்வரை குழியில் மண் மூடி வைக்கிறோம். முந்திக்கொண்டு பூத்த செடியின் வேர் கட்டையாகிவிடும், மருந்துக்கு ஆகாது. பொறுத்திரு.

அம்மா

ஏப்ரல் 9

அம்மா,

மாதம் முடிந்துவிட்டது. நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். இரண்டாவது பையைப் பார்த்ததும் அத்தை, "உங்கம்மா இவ்வளவு பாசமா அனுப்பியிருக்காங்க. இதைக் குடிச்சுத் தீர்க்காம உன்னை வெளிய விட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்களைப் பாப்பேன்?" என்றார். தேர்வைப் பற்றிச் சொன்னேன். "அது அடுத்த வருசமும் வரும். உடம்பு வருமா?" உங்கள் மாப்பிள்ளை சுரங்கத்திலிருந்து புத்தாண்டுக்குத்தான் வருவார்.

நான் நாற்று இல்லை, அம்மா. அத்தைக்கு ஒரு வரி எழுதுங்கள்.

யூஹே

ஏப்ரல் 14

மகளே,

நான் எழுதினால் சம்பந்தியின் வருத்தம் உன் மேல்தான் விழும். எழுதத் தயக்கமாக இருக்கிறது. உன் கடிதம் வருவதற்குள் மூன்றாவது பையையும் அனுப்பிவிட்டேன். இதற்கு எனக்கு எந்த உதாரணமும் தோன்றவில்லை.

அம்மா

ஏப்ரல் 22

அம்மா,

தேர்வு நாள் காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்து, தூங்கிக்கொண்டிருந்த அத்தையின் பக்கத்தில் கிடத்தினேன். இரண்டு பைகளிலும் இருந்த வேரைக் கட்டிலில் கொட்டினேன். பைகளைக் காலில் மாட்டி, கணுக்காலில் கயிறு கட்டி நடந்தேன். நல்ல கித்தான் துணி. சேறு உள்ளே வரவில்லை.

தேர்வறையில் மேற்பார்வையாளர் மூக்கை உறிஞ்சி, "யாருப்பா இங்க மருந்துச் சூப்பு வெச்சது?" என்றார். காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன்.

திரும்பியபோது அத்தை குழந்தையோடு வாசலில் நின்றார். திட்டவில்லை. என் காலைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, பனிக்கட்டியாட்டம் இருக்கேடி" என்று உள்ளே ஓடினார். கொட்டிக் கிடந்த வேர் அத்தனையையும் அண்டாவில் போட்டுக் காய்ச்சி, என் இரண்டு காலையும் அதில் வைத்துத் தேய்த்தார். அதன்பிறகுதான் வெறும் கட்டிலைப் பார்த்தார்.

"மருந்து தீந்துபோச்சே."

போய்க் காலணிப் பெட்டியைத் திறந்தார்.

மூன்றாவது பை வந்தால் உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடும்படி தபால் நிலையத்தில் சொல்லிவிட்டேன். நானே போய்ச் சொன்னேன், என் காலணியில்.

யூஹே