தோரணம் கட்டிய கம்பி

மாவிலை வாடத் தொடங்கிவிட்டது. புதிய அலுவலகத்தின் நடை முழுக்க அந்த வாசனை. நாளைய திறப்பு விழாவுக்குச் சுவரோரம் நீளமாகத் தோரணம் கட்டியிருக்கிறார்கள். கயிறு தேடவில்லை. தீ அபாய மணிக்குப் போகும் கம்பியிலேயே முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

உன்னைத் தவிர இதை யாரிடம் சொல்வேன்?

மலாக்காவில் நம் காஜா பேராங் மண்டபம் நினைவிருக்கிறதா? முழுக்கப் பலகையால் கட்டியது. அன்று சுதந்திர நாள் பிற்பகல். இருட்டியதும் நாடகம். மாடிப் பின்னறையில் பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் விளக்கு, காகிதக் கிரீடங்கள், இறங்க ஒரே படிக்கட்டு.

அங்கே தீ அபாய மணிக்குக் கம்பி இழுத்துப் பொருத்தியவன் நீ. வாசலில் மணி. அங்கிருந்து அறை அறையாக ஒரே கம்பி. அறைக்கு ஒரு பொத்தான். நீ சோதிக்கும்போது, பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நான் மணிக்கடியில் நிற்பேன். நீ அழுத்துவாய். நான் "அடிக்குது!" என்று குரல் கொடுப்பேன். அவ்வளவுதான் என் வேலை.

எப்போதும் கடைசிப் பொத்தானில்தான் தொடங்குவாய். "கடைசி அடிச்சா நடுவுல எல்லாம் சரி. முதல்ல உள்ளது அடிச்சா ஒண்ணும் தெரியாது."

அன்று அடிக்கவில்லை.

"என்னடா, தூங்கிட்டியா?" மாடியிலிருந்து நீ.

"அடிக்கலடா."

அடுத்து மாடியின் முன்னறைப் பொத்தான். அதற்கும் அடிக்கவில்லை. கீழே வந்து முதல் அறையில் அழுத்தினாய். அடித்தது. அப்படியென்றால் பழுது நடுவில், படிக்கட்டுச் சுவரில். அங்கேதான் கம்பியில் தோரணம் தொங்கியது.

கட்டியவர் மலாக்கா செட்டி வீட்டுப் பீபி. தமிழ் வராது, பேச்செல்லாம் மலாய்தான். மாவிலை மடிக்க வரும். நீ கத்தியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜாங்ஙான்! இனி ஹரி பாய்க்." வேண்டாம், இது நல்ல நாள்.

மண்டபத் தலைவர் ஓடி வந்தார். "நல்ல நாளும் அதுவுமா தோரணத்த அறுப்பியா? மணி அடிக்கலன்னா என்னடா, நமக்கு வாயில்லையா?"

"மேல பத்திக்கிட்டா யாரு வாய் கேக்கும் தலைவரே? கீழ மேளம் அடிச்சிக்கிட்டு இருப்பீங்க."

"இன்னிக்கு அறுத்தா ஆயுசுக்கும் பேரு நிக்கும், பாத்துக்க."

நீ பீபியிடம் திரும்பினாய். "பூடாக்-பூடாக் அடா ஆத்தாஸ்." பிள்ளைகள் மேலே இருக்கிறார்கள். அவருடைய மகனும் அங்கேதான். மாடியைப் பார்த்தார். கையை விட்டார். முகம் இளகவில்லை. ஆனாலும் நீ ஏறிய முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அறுத்தாய். இலைகள் படிகளில் விழுந்தன. கம்பியை விரலால் நெருடிக்கொண்டே போனாய். ஓரிடத்தில் அது துவண்டது. ரப்பர் உறையில் கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு அறுந்திருந்தது.

இணைத்துவிட்டு மாடிக்கு ஓடினாய். வெளியே மேளம் தொடங்கிவிட்டது. மணியைப் பார்த்தபடி நின்றேன்.

அடித்தது.

அன்று தீப்பிடிக்கவில்லை. அதனால் நீ செய்தது சரி என்று யாருக்கும் காட்ட முடியவில்லை. அறுந்த தோரணம்தான் எல்லார் கண்ணிலும் நின்றது. போன வருடம் காய்ச்சலில் நீ போனபோது உன் வீட்டு வாசலிலேயே பேசிக்கொண்டார்கள். "அன்னிக்குத் தோரணத்த அறுத்தவன்தானே." பீபி வந்திருந்தார். மகனின் கையைப் பிடித்திருந்தார்.

அருகிலிருக்கும் மணி அடித்தால் எனக்கு இப்போதெல்லாம் நிம்மதி வருவதில்லை. எந்தக் கட்டடத்திலும் கடைசி அறையைத் தேடிப் போகிறேன். இன்று இந்த அலுவலகத்திலும் போனேன். கீழே மணியருகே காவலாளியை நிறுத்திவிட்டு, பொத்தானை அழுத்தினேன்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல சார்!"

மேலாளரிடம் போய் ஒரு கத்தி வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"தோரணத்த அறுக்கணும்."