ரிப்போர்ட்டை எங்க வைக்கணும்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

கோபத்துல தூக்கமே வரல.

கீழ்பென்னாத்தூர்ல ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு நாங்க எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரை இன்னிக்கு அப்டேட் பண்ணோம். பழைய ஃபோல்டர் அழிஞ்சு புதுசு வந்துச்சு. லேப் ரிப்போர்ட் எல்லாம் அந்தப் பழசுக்குள்ளதான் இருந்துச்சு. மொத்தமும் போச்சு. "சாஃப்ட்வேர் இருக்கற ஃபோல்டர்ல ரிப்போர்ட்டை வைக்காதீங்க சார், அப்டேட்ல அழிஞ்சிடும்"னு எங்க கம்பெனி முதலாளி குமரன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்! "எல்லாம் ஒரே இடத்துல இருந்தாதாம்மா ஈஸி"ன்னார்.

மத்தியானம் லேப்ல வேலை செய்யற சாந்தி அக்கா போன் பண்ணாங்க. "போன ரிப்போர்ட்ல ஒண்ணு மாசமா இருக்கற பொண்ணோடதும்மா. நேத்து ரத்தம் எடுத்ததுக்கே மயங்கி விழுந்துச்சு. மறுபடியும் எடுக்கணும்னு எப்படிச் சொல்றது?"

பக்கத்துல நின்ன குமரன் சார், "வைரஸ்னு சொல்லிடு"ன்னு கிசுகிசுத்தார்.

எனக்கு எரிஞ்சுது. "வைரஸ் இல்லக்கா, தப்பு எங்களுது. சாரே வந்து அந்தப் பொண்ணுகிட்ட சொல்வார்"னேன்.

அவர் முகம் கறுத்துப்போச்சு. ஆனாலும் பைக்கை எடுத்துக்கிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து சாவியை மேஜைல வீசிட்டுத் தன் ரூமுக்குப் போயிட்டார். ரிப்போர்ட்டுக்குத் தனி ஃபோல்டர் போட்டு முடிச்சுட்டுத்தான் நான் கிளம்பினேன். நாளைக்கு எனக்கு இங்க வேலை இருக்கோ இல்லியோ, அந்த ஃபோல்டராவது இருந்துட்டுப் போகட்டும்.

அந்தப் பொண்ணுக்கு மறுபடியும் ரத்தம் எடுத்தாங்களான்னு கேக்கத்தான் எனக்கு வாய் வரல.