214/2-க்கும் 214/4-க்கும் நடுவே ஒரு விரிசல்

அனுப்புநர்:
பொற்கொடி,
க/பெ. மோகன்குமார்,
சின்னேரிமேடு, ஓசூர் வட்டம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: சின்னேரிமேடு கிளை நூலகம் – 1994ஆம் ஆண்டு நாளிதழ்த் தொகுப்பு – ஒரு பக்கம் உடைந்து வருவது – முழுதாக இருக்கும்போதே நேரில் பார்த்துச் சான்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் குடியிருக்கும் வீடு சர்வே எண் 214/3-இல் உள்ளது. தொழிற்பேட்டைக்காக 1994-லேயே எடுக்கப்பட்ட இடம் அது என்று கூறி, காலி செய்ய நோட்டீஸ் வந்துள்ளது. விசாரணை இம்மாதம் 23ஆம் தேதி. மாவட்டம் பிரிந்தபோது பழைய கோப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லையாம். எடுக்கப்பட்ட சர்வே எண்கள் அனைத்தும் அன்று நாளிதழில் அறிவிப்பாக வந்தன. தேடிய இடங்களில் எங்கள் கிளை நூலகத்தில் மட்டுமே அந்த நாளிதழ் கிடைத்தது. அதில் 214/2-க்கு அடுத்த வரி 214/4. எங்கள் எண் அதில் இல்லை. அந்த 'இல்லை'தான் எங்களுக்குள்ள ஒரே ஆதாரம்.

2. அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில்தான் தாளின் மடிப்பு போகிறது. மடிப்பில் விரிசல் விட்டிருக்கிறது. நான் ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். விரிசல் பார்ப்பதுதான் என் வேலை. ஸ்கேல் வைத்து அளந்தேன். மார்ச்சில் 4 மில்லிமீட்டர், மே மாதம் 9, நேற்று 17. இன்னும் ஆறு போனால் எண்களைத் தொட்டுவிடும். அங்கே ஓட்டை விழுந்தால், 214/3 அந்த ஓட்டையில்தான் இருந்தது என்று யாரும் சொல்லலாம். இல்லையென்று நான் எதைக் காட்டுவேன்?

3. நாளிதழ்த் தாளிலேயே ஒருவிதப் புளிப்பு உண்டு, அது தாளை உள்ளிருந்தே தின்னும் என்கிறார் நூலகர் ஜெபசீலி. கூரை ஒழுகல், ஜன்னல் வெயில், பைண்டிங் கம்பியின் துரு, பூச்சி எல்லாம் அதற்குத் துணை. என் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. பூச்சி வராதென்று பச்சை வேப்பிலையை உள்ளே வைத்தவள் நான்தான். ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடித்தது. ஜெராக்ஸ் எடுக்க மூடியை அழுத்தியபோது ஓரம் அப்பளம்போல நொறுங்கியது, அத்தோடு நிறுத்திவிட்டோம். போனில் எடுத்த படம் செல்லாது என்று விசாரணை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

4. பயமாக இருக்கிறது ஐயா. பக்கம் அப்படியே இருக்கிறதா என்று பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்துப் போய்த் தொகுப்பைத் திறந்துவிடுகிறேன். போன வாரம் ஜெபசீலி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அக்கா, நீங்க தொறந்து தொறந்து பாக்கறதாலதான் இது ஒடையுது" என்றார். உண்மைதான். பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தேன். நேற்று சாவி கேட்டு நானே போய் நின்றேன்.

ஆகவே தாங்கள் 23ஆம் தேதிக்குள் நேரில் வந்து, அந்தப் பக்கத்தை ஒரே ஒரு முறை திறந்து, கண்ணால் பார்த்து, தொடாமல் மேலிருந்து படமெடுத்து, அந்த நகலில் சான்றொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன். பிறகு தொகுப்பைப் பழைய தாள்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களிடம் அனுப்பிவையுங்கள். அதுவரை நான் எவ்வளவு கெஞ்சினாலும் என்னிடம் சாவி தரக்கூடாது என்று நூலகருக்கு எழுத்தில் உத்தரவிடவும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சின்னேரிமேடு
நாள்: 11.06.2025

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
பொற்கொடி

இணைப்பு: அந்தப் பக்கத்திலிருந்து இதுவரை உதிர்ந்த துணுக்குகள் – ஏழு. எதிலும் எண் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு உறையைப் பிரிக்கவும்.