அந்த ஒத்தை நட்சத்திரம் அங்கேயே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. இங்க நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம், உங்கப்பாவுக்கு சௌக்கியம் கொஞ்சம் கூடிப்போய் காலையிலேருந்து விசிலடிச்சுக்கிட்டே ஜிப் தைக்கிறார், காது வலிக்குது. நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கேன்னு நம்பறேன். போன் இருக்கும்போது எதுக்கும்மா கடிதம்னு கேப்பே. போன்ல பேசினா நான் ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள நீ வகுப்பெடுக்க ஆரம்பிச்சிடறே. கடிதத்துல நடுவுல புகுந்து பேச முடியாது பாரு, அதான். அத்தை நெட்ல நம்ம கடைக்கு மார்க்காப் போட்ட ஒத்தை நட்சத்திரத்தை உடனே எடுக்க வைங்கன்னு அன்னிக்கு நீ கத்தின கத்துல பக்கத்துக் கடை டெய்லர் எட்டிப் பார்த்தார். எடுக்க வைக்க மாட்டேன். ஏன்னு முதல்லேருந்து சொல்றேன், அப்பத்தான் என் பக்கத்து நியாயம் உனக்குப் புரியும்.

பழைய கட்டடத்தை இடிச்சு நம்ம பை, பெட்டி ரிப்பேர் கடையைப் பின் சந்துக்கு மாத்தினதுலேருந்து ஈ, காக்கா வரல. நெட்ல தேடினா மெயின் ரோட்டுல புதுப் பெட்டி விக்கிற அந்தப் பெரிய கடைதான் முதல்ல வரும். அங்க போனா, இதெல்லாம் ரிப்பேர் ஆகாது, புதுசு வாங்கிடுங்கன்னு அனுப்பிடுவாங்க. அந்த முதலாளி ஒருநாள் நம்ம கடைக்கே வந்து, சந்துல உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க, என் கடை மூலையில ஒரு ஸ்டூல் போட்டுத் தரேன், சம்பளத்துக்கு வந்துடுங்கன்னார். பாவம்னு நினைச்சுத்தான் சொன்னார், அதுதான் எனக்கு வயிறு எரிஞ்சுது. உங்கப்பா யோசிச்சு மாசக் கடைசியில சொல்றேன்னார். சொல்லிட்டு ஊசி, இடுக்கியெல்லாம் துடைச்சு டப்பாவுல அடுக்க ஆரம்பிச்சுட்டார். யாருக்கும் கைகட்டி நிக்காத மனுஷன் அடுத்தவன் ஸ்டூல்ல போய் உட்கார்றதை என்னால பார்க்க முடியாதுடி. அதனாலதான் உன்கிட்ட வழி கேட்டேன்.

நீ சொன்னது எல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஃபேஸ்புக்ல, இன்ஸ்டால கடைக்குப் பக்கம் திறங்க, அப்பா வேலை செய்யறதைப் படம் பிடிச்சுப் போடுங்க, எல்லா இடத்துலயும் ஒரே பேரு, ஒரே முகவரி, ஒரே போன் நம்பர் இருக்கணும், நாலு பேர் நம்மளைப் பத்திப் பேசி நம்ம கடைப் பக்கத்துக்கு வழி காட்டினாத்தான் தேடும்போது மேல வரும், வாடிக்கைக்காரங்க மனசுல பட்டதை எழுதணும், சொந்தக்காரங்களை எழுதச் சொல்லிடாதீங்க. கடைசியா சொன்னது மட்டும் காதுல சரியா விழலன்னு வச்சுக்கோயேன். வாடிக்கைக்காரங்களே வராத கடைக்கு யார் எழுதுவா? குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வார்த்தை போட்டேன். நம்ம சனங்க பாசக்காரங்க, உடனே எழுதிட்டாங்க. உன் பெரியம்மா, கடை நல்லா இருக்கு, என் தங்கச்சிதான் இளைச்சுப் போயிட்டான்னு எழுதியிருந்தாங்க. உன் மாமா அஞ்சு நட்சத்திரம் போட்டு, இதுவரைக்கும் பெட்டி எதுவும் குடுத்ததில்லை, குடுத்தா நல்லா செய்வாங்கன்னு நம்பறேன்னு எழுதினான். சித்தப்பா வழக்கம்போல ஒரு ரோஜாப்பூ படம் போட்டு காலை வணக்கம்.

உங்க அத்தையும் அந்த குரூப்புல இருக்காங்கறதை நான் சுத்தமா மறந்துட்டேன். உங்கப்பாகிட்டயும் இப்படித்தான் சொல்லியிருக்கேன், நீ நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். அண்ணனும் தங்கச்சியும் முகம் பார்த்துப் பேசி மூணு வருஷம் ஆச்சு. அவ இந்த வயசுல வேலைக்குப் போய் வாங்கின முதல் சம்பளத்துல ஆசையா ஒரு பெட்டி வாங்கிக்கிட்டு வந்தா, இவர் நாலு பேர் நடுவுல அதைக் கவுத்துப் பார்த்துட்டு, இது ஒரு மழைக்குத் தாங்காதுன்னார். அன்னிக்குப் போனவதான். இப்ப ஒத்தை நட்சத்திரம் போட்டு, வேலை சுத்தம், வாய் சுத்தமில்லைன்னு ஆரம்பிச்சு அந்தக் கதையை மொத்தமா எழுதிட்டா. உங்கப்பா சொல்லச் சொல்ல நான் பதில் அடிச்சேன். வாடிக்கையாளர் அவர்களுக்கு வணக்கம், பெட்டியின் தையலைத்தான் சொன்னேனே தவிரத் தங்களைச் சொல்லவில்லைன்னு. அவ விடுவாளா, தங்களா, என்னிக்குலேருந்து எனக்கு இந்த மரியாதைன்னு கேட்டா. அதுக்கு இவர் ஒண்ணு, அதுக்கு அவ ஒண்ணு. நீ பார்த்ததும் கத்தினதும் இது வரைக்கும்தான்.

அப்புறம் ஊர்பேர் தெரியாதவங்கல்லாம் உள்ள வந்துட்டாங்க. அண்ணன் சொன்னதுல என்ன தப்புன்னு ஒரு கட்சி, ஆசையா வாங்கினதை அப்படிச் சொல்லலாமான்னு ஒரு கட்சி, பெட்டியோட படத்தைப் போடுங்க நாங்களே தீர்ப்பு சொல்றோம்னு ஒருத்தர். ஆளுக்கு ஆள் அனுப்பி அனுப்பி அது எங்கெங்கயோ போச்சு. ஊர் ஊராச் சுத்திப் பயணக் கட்டுரை எழுதற ஒரு பொண்ணு, பெட்டி உடைஞ்சா இந்தக் கோவக்காரர்கிட்டதான் போவேன்னு எழுதி நம்ம கடைப் பக்கத்தையும் அதுல கோத்து விட்டுட்டா. நாலு பேர் பேசணும்னு நீதானே சொன்னே, நானூறு பேர் பேசினாங்க. இப்ப நெட்ல பெட்டி ரிப்பேர்னு தேடினா நம்ம சந்துதான் முதல்ல வருது, மெயின் ரோடு நமக்குக் கீழ.

வர்றவங்க லேசுப்பட்டவங்க இல்ல. நம்மளையும் திட்டுவார்னு ஆசையா வர்றாங்க. உங்கப்பா பயந்துபோய் எல்லாரையும் வாங்க, உட்காருங்கன்னு குழையறார். ஒரு ஆபீஸ்காரர் பையை வாங்கிக்கிட்டும் போகாம நின்னார், என்னன்னு கேட்டா, ஒண்ணுமே சொல்ல மாட்டீங்களான்னு முகம் வாடிப் போச்சு. நான்தான் பின்னாலேருந்து, கொஞ்சம் திட்டுங்களேன்னு சைகை காட்டினேன். இந்த ஜிப்பை இழுத்தது கையா, கிரேனான்னு ஒரு சத்தம் போட்டார், அந்த மனுஷன் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டுப் போய் அஞ்சு நட்சத்திரம் போட்டார்.

ஆனா உங்கப்பாவுக்கு அதுல நிம்மதி இல்ல. என்கிட்டேருந்து போனை வாங்கி, தங்கச்சி எழுதினதுக்குக் கீழ ஒத்தை விரலால குத்திக் குத்தி, தப்பு என் பேர்ல, பெட்டியை எடுத்துக்கிட்டு வான்னு எழுதினார். மறுநாளே வந்துட்டா. படியேறாம வெளியவே நின்னா. இவர் பெட்டியை வாங்கித் தையல் முழுக்க விரலால தடவிப் பார்த்தார். ஒரு இழை பிரியல, கைப்பிடி மட்டும் விரிசல். நல்லாத்தான் தச்சிருக்கான்னார். வாயால சொன்னாப் போதாது, அதையும் எழுதுங்கன்னு அவ அடம் பிடிச்சா, எழுதினார். அன்னியிலேருந்து மத்தியானம் ஆனா கடைக்கு வந்துடறா. படம் எடுக்கறதும் பதில் போடறதும் இப்ப அவ வேலை. நான் ஒரு இடத்துல பழைய முகவரியும் ஒரு இடத்துல புது முகவரியும் போட்டு வச்சிருந்தேனாம், தலையில அடிச்சுக்கிட்டுத் திருத்தினா.

மாசக் கடைசியில பெரிய கடை முதலாளி வந்தார், இந்தத் தடவை கொஞ்சம் பணிஞ்ச குரல். ஸ்டூல் இல்ல, தனி அறையே தரேன், சம்பளமும் கூட்டித் தரேன், வர்றீங்களான்னார். உங்கப்பா கையில இருந்த வேலையைக் கீழ வச்சார். எந்த முடிவையும் யாரையும் கேட்டு எடுக்காத மனுஷன், என்னைக்கூடக் கேக்காத மனுஷன், உள்பக்கம் திரும்பி, "என் தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்"னார். உள்ளேருந்து அவ போனைப் பார்த்துக்கிட்டே நிமிராம, "வரமாட்டார்னு சொல்லுங்கண்ணே"ன்னா. அப்படியே சொல்லி அனுப்பிட்டார். அழுகை வந்துடுச்சு எனக்கு, ஜிப் ரன்னர் போட்டு வைக்கிற டப்பாவுல எதையோ தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

அந்த ஒத்தை நட்சத்திரத்தை இப்பவாவது எடுத்துடறேன்னு அவளே சொல்றா, நாங்க ரெண்டு பேரும் விடல. நீயும் இனிமே அந்தப் பேச்சை எடுக்காதே. எந்தக் குறையும் இல்லாம நோய்நொடி அண்டாம நல்லா இரு கண்ணு, நீ கையில எடுக்கிற காரியமெல்லாம் நல்லபடியா நடக்கட்டும். ஒண்ணு மறந்துடாதே, போன தடவை ஏர்போர்ட்டுலேருந்து பேசும்போது உன் பெட்டிச் சக்கரம் கடகடன்னு சத்தம் போட்டுச்சு, உங்கப்பா அப்பவே உடைஞ்சிருக்குன்னார். அங்க யார்கிட்டயும் குடுக்காதே, எடுத்துக்கிட்டு வா. நீ வந்து ரொம்ப நாளாச்சு, கடை இடம் மாறினதுலேருந்து நீ பார்க்கவே இல்ல. வழி தெரியலன்னா தேடிப் பாரு, முதல்ல வர்றது நாங்கதான்.

உன் வரவைப் பார்த்துக்கிட்டு இருக்கிற,
அம்மா