ஆமையும் ராட்டினமும்

1955 ஜனவரி 9, ஞாயிறு

புதுச்சேரியில் இந்தியக் கொடி ஏறி இரண்டு மாதம் ஆகிறது. கனகசெட்டிக்குளத்து எல்லையில் மூட்டையை அவிழ்த்துக் கிளறிய சுங்கக்காரர்கள் போய்விட்டார்கள். இந்த வருஷம் சென்னைப் பட்டணம் போய் அதைத் தீர்த்துவிடலாம் என்று ரோசாவிடம் சொன்னேன்.

எதை? வாலிபத்தில், வால்நட்சத்திரம் தெரிந்த வருஷம், நானும் என் சிநேகிதர்கள் மண்ணாங்கட்டியும் கோவிந்தசாமியும் பட்டணத்து உயிர் காலேஜில் மிருகங்களைப் பார்க்கப் போனோம். அங்கே கட்டில் அகலத்துக்கு ஓர் ஆமை. அதன் முதுகில் நான் உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடி நடந்தது. பார்த்த இருவரும் இன்று இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து ரோசா இதைப் புளுகு என்கிறாள். அவள் சொல்லிச் சொல்லித் தெருவே என்னை ஆமைக்காரர் என்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது. கன்னியர் மடத்தில் மூன்றாவது வரை படித்தவள் அவள். நான் சொல்லச் சொல்ல அவளே இந்த நோட்டில் எழுதட்டும்.

"பன்னெண்டு அடியா? போன வருசம் பத்துன்னீங்க."

அதையும் எழுது.

ஜனவரி 17

நாளை விடியற்காலை பஸ். துரைமாரை உட்காரவைத்து புஸ்புஸ் வண்டி தள்ளியே என் காலம் போனது. நாங்கள் இருவரும் சேர்ந்து ஊர் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை. புளிசோறு கட்டியாகிவிட்டது. ரோசா மூன்று தடவை பையைப் பிரித்துக் கட்டினாள்.

ஜனவரி 18, வேடந்தாங்கல்

பறவை பார்க்க வழியில் மதுராந்தகத்தில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தோம். ஏரித் தண்ணீருக்குள் மரங்கள். மரத்தில் இலை தெரியவில்லை, அத்தனை பறவை. காதில் வேறெதுவும் விழவில்லை. கரையில் நின்ற குடியானவர், "பறவைங்க மெரளக் கூடாதுன்னு எங்க ஊர்ல வேட்டுச் சத்தமே கெடையாதுங்க. இதுங்க எச்சம் விழுந்த தண்ணி பாஞ்சா, வயலுக்கு வேற எருவே வேணாம்" என்றார்.

கரண்டிபோல மூக்கு வைத்த ஒன்றை ரோசா பார்த்துவிட்டாள். "ஆண்டவரு இதைக் கஞ்சி குடிக்கவே படைச்சிருக்காரு." இருட்டும்வரை கரையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். வண்டிக்காரர்தான் அதட்டிக் கூட்டிவந்தார்.

ஜனவரி 19, பட்டணம்

ரயிலிலிருந்து இறங்கி நேரே உயிர் காலேஜ். புலி இருந்தது. கரடி இருந்தது. ஆமை இல்லை.

காவல்காரரைக் கேட்டேன். "நான் வேலைக்கு வந்து எட்டு வருசம் ஆவுது, தாத்தா. அப்படி ஒண்ணு இருந்ததா யாரும் சொல்லலியே." இன்னொருவரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

ரோசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "விடுங்க. அது நடந்தே புதுச்சேரிக்குக் கெளம்பியிருக்கும். இன்னும் திண்டிவனம் தாண்டியிருக்காது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்யன் என்ற பேரோடயே நான் போய்ச் சேரணுமா? அவளோடு பேசாமல் முன்னால் நடந்தேன். பக்கத்து மைதானத்தில் பொருட்காட்சி. நாலு பனை உயரத்துக்கு ராட்டினம், சுற்றிலும் விளக்கு.

"ஏறலாமா?" என்றாள்.

அறுபது வயசு. முழங்கால் வலிக்காரி. ஏறிவிட்டாள். நானும் ஏறினேன். தொட்டி தரையை விட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். உச்சியில் ராட்டினக்காரன் நிறுத்திவிட்டான். அவள் என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள்— "என்னாங்க, கடல் தெரியுது. ஸ்டேஷன் கடிகாரம் நமக்குக் கீழ இருக்கு. ரயிலு அட்டைப்பூச்சி மாதிரி ஊருது." இறங்கியதும் இன்னொரு தடவை என்றாள். இரண்டாம் தடவையும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

ஜனவரி 22, வீடு

பக்கத்து வீட்டு அகஸ்டினாவிடமும் அவள் புருஷன் ரொட்டிக்கடை அல்போன்ஸிடமும் ரோசா ராட்டினக் கதையைச் சொன்னாள். கையை விரித்து, எழுந்து நின்று சொன்னாள்.

அல்போன்ஸ் சிரித்தான். "மாதாகோயில் படியேறவே கை புடிக்கச் சொல்ற பெரியம்மா, ராட்டினம் ஏறினீங்களா? பெரியப்பாகிட்ட கத்துக்கிட்டீங்க."

"இவரையே கேளு. கூடத்தான் இருந்தாரு."

"ஆமைக்காரரா சாட்சி?"

ரோசாவின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஒரு நிமிஷம்தான். அவள் கண் கலங்கியதும் எனக்குத் தாங்கவில்லை. ஏறினாள், இரண்டு தடவை ஏறினாள் என்று சத்தியம் பண்ணினேன். அல்போன்ஸ் இன்னும் அதிகமாகச் சிரித்தான்.

ஜனவரி 23

ராத்திரி முழுக்கப் புரண்டாள். காலையில் அவளே நோட்டை எடுத்துவந்தாள்.

"நான்தான உங்க சொல்லைக் கெடுத்துவச்சேன். இப்ப என் சொல்லும் அதோட போச்சு."

இன்று அவள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள்: என் புருஷன் ஆமைமேல் உட்கார்ந்தார், அது பன்னிரண்டு அடி நடந்தது, இது உண்மை.

பிப்ரவரி 6

அகஸ்டினா ஆமையைப் பற்றிக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் ரோசாவே முழுக்கச் சொன்னாள். அது தலையை இழுத்துக்கொண்டதாக ஒன்றைச் சேர்த்தாள். ஆமை தலையை இழுக்கவே இல்லை. நான் மறுக்கவில்லை.

1962 ஆகஸ்ட் 16

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுக்கொடுத்தது காகித வழியிலும் முடிந்தது என்று காலையில் தெருவெல்லாம் வேட்டு. ரோசா போய் ஐந்து மாதம். இன்று எழுதுவது அகஸ்டினா. அவளே வந்து கேட்டாள், "பெரியம்மா நெசமாவே ராட்டினம் ஏறினாங்களா, பெரியப்பா?" என்று. நோட்டை எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாசித்தாள்.

"இதுல உங்க பேரு ஒரு எடத்துலயும் இல்லியே."

எப்படி இருக்கும்? புருஷன் பேரை வாயால் சொல்லாதவள் கையால் எழுதுவாளா?

எழுதிக்கோ அகஸ்டினா. மண்ணாங்கட்டி இல்லை. கோவிந்தசாமி இல்லை. ரோசா இல்லை. ஆமைக்கும் ராட்டினத்துக்கும் சாட்சியாக உயிரோடு இருப்பது ஒருத்தன். பேர் சூசைநாதன்.